வீடியோக் கோப்பினுள் இடமும் கதியும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குரிய கருவியை அளவை என்பர். அளவைகள் பல எனக் கூறுவோர் உளரேனும், அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குதலே சைவ சித்தாந்த மரபாகும். கண்ணாற் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிவது உரை. மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கு வகுக்கப்பட்ட இம்முறை, வீதியில் நிகழ்ந்த ஒரு விபத்தின் உண்மையைத் துணிதற்கும் எத்துணைப் பொருந்தும் என்பதை, இக்காலத்து மோட்டார் வண்டிகளில் காணப்படும் சிறு கருவியொன்று விளக்குகின்றது. வண்டியின் முன்கண்ணாடியிற் பொருத்தப்பெற்று, எதிரே தோன்றும் வீதியை இடைவிடாது படம்பிடிக்கும் டாஷ்கேம் என்னும் கமராவே அது.

அக்கமரா படத்தை மட்டும் பதிவதன்று. ஜீ. பீ. எஸ். வாங்கி பொருந்திய வகையாயின், வண்டி நின்ற இடம், சென்ற திசை, கதி, நேரம் ஆகியவற்றையும் செக்கனுக்கு ஒருமுறை எழுதிவைக்கின்றது. படத்தின் அடியில் தோன்றும் எழுத்தைச் சிலர் இப்பதிவென எண்ணுவர். அவ்வெழுத்து படத்தோடு படமாகிவிட்ட வெறும் ஓவியமே. உண்மையான எண்கள் வீடியோக் கோப்பின் உள்ளே, படத்தைக் காட்டும் செயலிகளின் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் உறைகின்றன. அவற்றை வெளிக்கொணர்தல் எவ்வாறு, வெளிக்கொணர்ந்தபின் எத்துணை நம்பலாம் என்னும் இரு வினாக்களும் ஈண்டு ஆராயத்தக்கன. மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியில் வண்டி 50இற் சென்றதா, 80இற் சென்றதா என்பதைப் பொறுத்து ஒருவன் குற்றவாளியாகவும் கூடும், குற்றமற்றவனாகவும் கூடும். ஆதலின் ஓர் எண்ணைப் பிழையாகப் படித்தல் இங்கே சிறு தவறன்று.

செய்மதிகள் தரும் செய்தி

ஜீ. பீ. எஸ். எனப்படும் அமெரிக்கச் செய்மதித் தொகுதியின் முதலாவது செய்மதி 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அத்தொகுதி முழுநிறைவான தொழிற்பாட்டை எய்தியது. பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இச்செய்மதிகள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நிலையையும் தன் கடிகாரத்தின் நேரத்தையும் வானொலி அலையில் இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கின்றது. அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தாற் பெருக்கினால் தூரம் கிடைக்கும். வாங்கியின் கடிகாரம் செய்மதியினதைப் போன்று துல்லியமானதன்று. நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வழுவினும் தூரத்தில் 300 மீற்றர் வழு உண்டாகும். ஆதலின் அகலக்கோடு, நெடுங்கோடு, உயரம் என்னும் மூன்றோடு கடிகார வழுவையும் நான்காவது தெரியாக் கணியமாகக் கொண்டு, குறைந்தது நான்கு செய்மதிகளின் செய்தியால் வாங்கி விடை காண்கின்றது.

கதியை அறியும் முறை இதனின் வேறானது. விலகிச் செல்லும் புகைவண்டியின் ஊதல் ஒலி தாழ்வது போல, வாங்கிக்கும் செய்மதிக்கும் இடையேயுள்ள சார்பியக்கத்தால் அலையின் மீடிறன் சிறிது மாறுகின்றது. தொப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றத்தை அளந்தே பெரும்பாலான வாங்கிகள் கதியைக் கணிக்கின்றன. அலைநீளம் ஏறக்குறைய 19 சதமமீற்றர் மாத்திரமே ஆதலின், மிகச் சிறிய இயக்கமும் இதனாற் புலப்படும். இடத்தைச் சில மீற்றர் வழுவோடு கூறும் கருவி, கதியை அதனினும் செம்மையாகக் கூறுதற்குக் காரணம் இதுவே. திறந்த வானின் கீழ்ச் சீராகச் செல்லும் வண்டியின் கதியை மணித்தியாலத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த வழுவோடு நல்ல வாங்கிகள் அறியக்கூடியன.

பெட்டிகளால் ஆன கோப்பு

டாஷ்கேம் எழுதும் கோப்புக்களுட் பெரும்பாலானவை எம்பி4 என்னும் அமைப்பின. 1991ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட குவிக்டைம் என்னும் அமைப்பே இதற்கு மூலம். அதனைத் தழுவி, 2003ஆம் ஆண்டளவில் எம்பி4 சருவதேச நியமமாக வகுக்கப்பட்டது. இவ்வமைப்பின் சிறப்பு அதன் எளிமையே. கோப்பு முழுவதும் பெட்டிகளால் ஆனது; பெட்டிகளுட் பெட்டிகளும் இருக்கலாம். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் எட்டுப் பைற்றுக்கள் உண்டு. முதல் நான்கும் பெட்டியின் முழு நீளத்தையும், அடுத்த நான்கும் நான்கெழுத்துப் பெயரையும் தருவன. கோப்பின் தொடக்கத்தில் 0, 0, 0, 32 என்னும் நான்கு பைற்றுக்கள் காணப்படின், முதற்பெட்டி 32 பைற் நீளமுடையது. அடுத்த பெட்டி 32 ஆம் இடத்திலிருந்து தொடங்குகின்றது. இவ்வாறு நீளத்தைப் படித்து, அத்துணைத் தூரம் தாண்டி, அடுத்த பெட்டியை அடைந்து, கோப்பின் இறுதிவரை செல்லலாம்.

இதற்கு இரு புறநடைகள் உள. நீளம் இருக்கவேண்டிய இடத்தில் 1 என்னும் எண் இருப்பின், உண்மை நீளம் பெயருக்கு அடுத்துவரும் எட்டுப் பைற்றுக்களில் உள்ளது. மிகப் பெரிய பெட்டிகளுக்கு இவ்வழி. 0 இருப்பின், அப்பெட்டி கோப்பின் இறுதிவரை நீள்கின்றது என்பது பொருள். இதனை அறியாது எழுதப்பட்ட செயலி, பூச்சியத் தூரம் தாண்டி அதே இடத்திலேயே முடிவின்றி நின்று சுழலும்.

பெட்டிகளுள் முதன்மையானவை இரண்டு. எம்டாற் என்பது படமும் ஒலியும் அடங்கிய பெரும் பெட்டி. மூவ் என்பது அதற்குப் பொருளடக்கம் போன்றது. எந்தப் படச் சட்டகம் எந்த இடத்தில் உள்ளது, எத்துணை நீளமானது, எத்தருணத்திற் காட்டப்படவேண்டும் என்னும் அட்டவணைகள் அதனுள் உள. பொருளடக்கம் கிழிந்த நூலிற் பக்கங்கள் இருந்தும் பயன்படாதவாறு போல, விபத்தின்போது மின் தடைப்பட்டு மூவ் பெட்டி எழுதப்படாது போன கோப்பு, படமெல்லாம் உள்ளிருந்தும் திறவாது.

வெறும் பெட்டியில் மறைந்த பதிவு

நியமத்திற் பிறீ என ஒரு பெட்டி உண்டு. அது வெற்றிடம், அதனுள் இருப்பது எதுவாயினும் பொருட்படுத்தப்படாது என்பது விதி. படங்காட்டும் செயலிகள் யாவும் அதனைத் தாண்டிச் செல்கின்றன. டாஷ்கேம் செய்வோர் பலர் இவ்விதியையே தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டனர். யாரும் திறந்து பாராத பெட்டியில் எதனை வைத்தாலும் படக்காட்சிக்கு ஊறில்லை அன்றோ!

தைவான் நாட்டு நோவாடெக் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்ட கமராக்கள் பல இம்முறையைப் பின்பற்றுகின்றன. அவற்றின் மூவ் பெட்டிக்குள் ஜீபீஎஸ் என்னும் பெயருடைய சிறுபெட்டி ஒன்று உண்டு. அதனுள் இடங்களின் அட்டவணை மாத்திரமே உள்ளது. ஒவ்வொரு வரியிலும் நான்கு பைற்றில் ஓர் இடமும், நான்கு பைற்றில் ஒரு நீளமும் தரப்பட்டிருக்கும். அவ்விடத்துக்குச் சென்று பார்த்தால், படத் தரவுகளுக்கு நடுவே பிறீ என்னும் முகப்புடைய பெட்டி காணப்படும். அதன் முகப்பை அடுத்து, மீண்டும் ஜீபீஎஸ் என்னும் எழுத்துக்களும், அதன்பின் ஒரு செக்கனுக்குரிய பதிவும் இருக்கும். மூன்று நிமிடக் கோப்பில் இவ்வாறு ஏறக்குறைய 180 பதிவுகள் இருத்தல் வேண்டும்.

எல்லாக் கமராக்களும் இவ்வாறு செய்வதில்லை. தென் கொரியாவின் பிளாக்வியூக் கமராக்கள், வாங்கி தரும் எழுத்து வரிகளை மாற்றாது, நேரக் குறியோடு அப்படியே பிறீ பெட்டியுட் சேர்க்கின்றன. சில கமராக்கள் துணைவசனம் போன்ற தனித் தடமொன்றில் எழுதுகின்றன. கோப்புரோக் கமராக்கள் தம் அளவீடுகளைத் தனித் தரவுத் தடத்தில் எழுதுவதோடு, அதன் அமைப்பையும் அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்துள்ளது. வேறு சில கமராக்கள் ஒவ்வொரு பைற்றையும் ஒரு நிலையான எண்ணோடு கலந்து மறைத்து எழுதுகின்றன. அவ்வெண்ணை அறிந்து மீண்டும் கலந்தாற் பழைய பைற்று வெளிப்படும். கனடா நாட்டினரான பில் ஹார்வி என்பார் 2003ஆம் ஆண்டு முதலாக எழுதிவரும் எக்சிப்டூல் என்னும் இலவசச் செயலி, இத்தகைய பல அமைப்புக்களையும் அறிந்து படிக்கவல்லது. ஆயினும் சாதாரண ஏவலில் அது கோப்பின் பொதுத் தகவல்களையே தரும். உட்பொதிந்த பதிவுகளையும் எடுக்குமாறு தனியே ஏவினாலன்றிச் செக்கன்தோறும் உள்ள பதிவுகள் முழுமையாக வெளிவரமாட்டா. பதிவு இல்லை எனப் பலர் கைவிடும் கோப்புக்களிற் பதிவு இருத்தல் இதனால் நேர்வது.

எண்களைப் படிக்கும் முறை

பதிவை அடைவது பாதி வேலையே. அங்கே காணப்படும் பைற்றுக்களை எண்ணாக மாற்றுவதிற் பிழைகள் மலிந்துள்ளன. முதலாவது, வரிசை. எம்பி4 அமைப்பின் நீளங்கள் பெரிய இடம் முன்னாக எழுதப்படுவன. நோவாடெக் பதிவின் உள்ளே உள்ள எண்களோ சிறிய இடம் முன்னாக எழுதப்படுவன. ஒரே கோப்பினுள் ஒரு பகுதியை இடப்புறமிருந்தும் மற்றொரு பகுதியை வலப்புறமிருந்தும் படிக்கவேண்டியுள்ளது.

அப்பதிவில் மணி, நிமிடம், செக்கன், ஆண்டு, மாதம், நாள் என்பன முதலில் முழுவெண்களாக வருகின்றன. அவற்றின்பின் மூன்று எழுத்துக்கள் முக்கியமானவை. முதலாவது வாங்கி நிலையைத் துணிந்ததா என்பதைக் கூறுவது. அடுத்தது வடக்கோ தெற்கோ என்பதையும், மற்றது கிழக்கோ மேற்கோ என்பதையும் கூறுவன. இவற்றைத் தொடர்ந்து அகலக்கோடு, நெடுங்கோடு, கதி, திசை என்பன நான்கு பைற் மிதவைப்புள்ளி எண்களாக அமைகின்றன.

கதிக்குரிய இடத்தில் 0, 0, 216, 65 என்னும் பைற்றுக்கள் உள்ளன எனக் கொள்க. வரிசையைத் திருப்பினால் 65, 216, 0, 0 ஆகும். இதனை 32 துவித இலக்கங்களாக விரித்தால், முதல் இலக்கம் குறியையும், அடுத்த எட்டும் அடுக்கையும், எஞ்சிய இருபத்துமூன்றும் பின்னத்தையும் தருவன. இங்கே குறி நேர். அடுக்கு 131இலிருந்து வழக்கமான 127ஐக் கழிக்க 4. பின்னப் பகுதியோடு ஒன்றைக் கூட்டக் கிடைப்பது 1.6875. 2இன் நான்காம் அடுக்கு 16 ஆதலின், 16ஐ 1.6875ஆற் பெருக்க 27 என்னும் விடை வருகின்றது.

27 என்பது என்ன? இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகின்றனர். மணித்தியாலத்துக்கு 27 கிலோமீற்றர் எனக் கொண்டால், சாரதி மிக மெதுவாகச் சென்றான் என்றாகும். 27 மைல் எனக் கொண்டால் 43 கிலோமீற்றர் ஆகும். உண்மையில் அது நொட் என்னும் கடல் அலகு. வாங்கிகள் தம் விடையை எழுத்து வரிகளாக வெளியிடும் முறை, 1983ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடல் இலத்திரனியற் சங்கத்தால் கப்பற் கருவிகளுக்கென வகுக்கப்பட்டது. கப்பலுக்கு வகுத்த மொழியையே வீதியில் ஓடும் வண்டியும் பேசுகின்றது. ஒரு நொட் மணித்தியாலத்துக்கு 1.852 கிலோமீற்றர் ஆதலின், 27 நொட் 50 கிலோமீற்றர் ஆகும். 27 என்று வாசித்தவன் உண்மைக் கதியிற் பாதியையே கண்டவனாவான்.

இடத்தைக் குறிக்கும் எண்ணிலும் இக்கடல் மரபு தொடர்கின்றது. ருசியாவின் செலியாபின்ஸ்க் நகரின் அகலக்கோடு ஒரு பதிவில் 5509.6 என வரலாம். இது 55 பாகை, 9.6 கலை என்பதன் சுருக்கம். 60 கலை ஒரு பாகை ஆதலின், 9.6ஐ 60ஆல் வகுக்க வரும் 0.16ஐச் சேர்த்து 55.16 பாகை எனக் கொள்ளவேண்டும். அவ்வாறன்றி நூறால் வகுத்து 55.096 எனக் கொண்டால், 0.064 பாகை குறைந்து, வண்டி உண்மையிடத்திலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தெற்கே சென்றுவிடும். இப்பிழையின் தீமை யாதெனின், விடை முற்றிலும் பொருந்தாததாகத் தோன்றாமையே. நகரம் பெயரளவிற் சரியாக இருக்கும். வீதி மட்டும் வேறாக இருக்கும்.

நான்கு பைற் மிதவைப்புள்ளி எண்ணுக்கு இயல்பாகவே ஓர் எல்லையும் உண்டு. 4096க்கும் 8192க்கும் இடைப்பட்ட எண்களை அது 2048இல் ஒரு பங்கு இடைவெளியிலேயே குறிக்கவல்லது. அகலக்கோட்டின் ஒரு கலை ஏறக்குறைய 1,852 மீற்றர் ஆதலின், 5509.6 போன்ற எண்ணில் அடுத்தடுத்த இரு படிகளுக்கு இடையே 90 சதமமீற்றர் தூரம் உள்ளது. வாங்கி அதனினும் நுட்பமாக அறிந்திருப்பினும், எழுதும் பாத்திரம் அவ்வளவே கொள்ளும். பதிவிலிருந்து எடுத்த எண்ணுக்குப் பத்துத் தசமதானம் எழுதிக் காட்டுதல் நுட்பமன்று, மயக்கமே.

காலத்தில் உண்டாகும் மயக்கங்கள்

எம்பி4 கோப்பின் முகப்பிலும் அது தோன்றிய நேரம் ஒன்று எழுதப்படுகின்றது. அது 1904ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து எண்ணப்பட்ட செக்கன்களின் தொகை. கணினிகளிற் பெருவழக்கான எண்ணுகையோ 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தொடங்குவது. இரண்டுக்கும் இடையே 2,082,844,800 செக்கன்கள் உள. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் விபத்து 66 ஆண்டுகள் இடம்பெயரும். அத்துணைப் பெரும்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அஞ்சவேண்டுவது சிறு பிழைகளையே.

அம்முகப்பு நேரம் சருவதேசப் பொது நேரமாக இருக்கவேண்டும் என்பது நியமம். கமராக்கள் பலவோ உள்ளூர் நேரத்தை எழுதுகின்றன. செய்மதியிலிருந்து வரும் நேரம் பொது நேரமே. ஆதலின் ஒரே கோப்பில் இரு நேரங்கள் மணிக்கணக்கில் வேறுபடுதல் இயல்பு. உள்ளூர் நேரமும் என்றும் ஒன்றாய் நிற்பதன்று. செலியாபின்ஸ்க் நகரில் 2013ஆம் ஆண்டில் உள்ளூர் நேரம் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது ஐந்தாகக் குறைக்கப்பட்டது. பழைய கோப்பைப் புதிய கணக்காற் படிப்பவர் ஒரு மணித்தியாலம் தவறுவர்.

செய்மதிகளின் கடிகாரமும் பொது நேரத்தோடு முற்றும் ஒத்ததன்று. பொது நேரத்தில் இடையிடையே சேர்க்கப்பட்ட மிகைச் செக்கன்கள் ஜீ. பீ. எஸ். நேரத்திற் சேர்க்கப்படுவதில்லை. 2017ஆம் ஆண்டு சனவரி முதலாக வேறுபாடு 18 செக்கன். வாங்கிகள் இதனைத் திருத்தியே தருவன. எனினும் திருத்தச் செய்தி கிடைக்கும் முன்னர்ச் சில கருவிகள் எழுதும் முதற்பதிவுகள் பிசகியிருக்கலாம். அன்றியும், செய்மதிகள் கிழமைகளை 1024 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் வழக்கமுடையன. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவ்வாறு எண்ணிக்கை திரும்பியபோது, பழைய வாங்கிகள் சில தம் திகதியை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தள்ளின. அத்தகைய கோப்பில் 7,168 நாள்களைக் கூட்டினால் உண்மைத் திகதி வெளிப்படும்.

கதியைச் சோதித்தல்

எண்கள் செம்மையாகப் படிக்கப்பட்டன எனினும், அவை உரையளவையே. கூறியவர் நம்பத்தக்கவரா என்பதை ஆராயவேண்டும். சுரங்கத்திலும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் செய்மதி அலை தடைப்படும். அல்லது சுவரிற் பட்டுத் திரும்பிவரும். அப்போது நிலையைத் துணிந்ததாகக் கூறும் எழுத்து மாறுதல் வேண்டும். மாறாது, முன்னைய எண்ணையே திரும்பத் திரும்ப எழுதும் கருவிகளும் உள. பத்துச் செக்கன்களுக்குக் கதி சிறிதும் மாறாதிருப்பின், அது சீரான ஓட்டம் என்பதினும் செத்த பதிவு என்பதே பெரும்பாலும் பொருத்தம். வாங்கி எண்களை மென்மையாக்கித் தருவதால், திடீரெனத் தடை பிடிக்கும்போது பதிவிலுள்ள கதி உண்மைக் கதியினும் சிறிது பின்தங்குதலும் உண்டு. மோதிய கணத்துக்குரிய எண்ணை மட்டும் பிடுங்கி எடுத்து, இதுவே மோதியபோது இருந்த கதி எனச் சாதித்தல் தகாது.

சோதனைக்கு முதலாவது வழி, அடுத்தடுத்த இடங்களின் தூரத்தைக் கணித்துக் கதியோடு ஒப்பிடுதல். 50 கிலோமீற்றர்க் கதியில் வண்டி செக்கனுக்கு 13.9 மீற்றர் செல்லும். இடத்தில் மூன்று மீற்றர் வழு இருப்பின், ஒரு செக்கனிடைத் தூரத்தைக் கொண்டு கணித்த கதியில் மணித்தியாலத்துக்கு 10.8 கிலோமீற்றர் வழு உண்டாகும். பத்துச் செக்கனிடைத் தூரத்தைக் கொண்டால் அது 1.1 கிலோமீற்றராகச் சுருங்கும். ஆதலின் இவ்வொப்பீட்டை நீண்ட இடைவெளியிற் செய்தல் வேண்டும்.

இரண்டாவது வழி செய்மதியையே சாராதது. படத்தில் வீதியோரத்து மின்கம்பங்கள் இரண்டு தோன்றுகின்றன. நேரிற் சென்று அளந்ததில் அவற்றின் இடைத்தூரம் 50 மீற்றர் எனக் கொள்க. செக்கனுக்கு 30 சட்டகம் பதியும் கமராவில், முதற்கம்பம் படத்தின் விளிம்பைக் கடந்ததிலிருந்து இரண்டாவது அதே விளிம்பைக் கடக்கும்வரை 108 சட்டகங்கள் எண்ணப்படின், காலம் 3.6 செக்கன். 50ஐ 3.6ஆல் வகுக்கச் செக்கனுக்கு 13.9 மீற்றர், அதாவது மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர். இது கருதலளவை. உரையும் கருதலும் ஒரே எண்ணைக் கூறுமிடத்து ஐயம் பெரிதும் நீங்குகின்றது.

வண்டியின் கதிமானி காட்டியதும் கோப்பிலுள்ள எண்ணும் வேறுபடுகின்றன என்பதைச் சிலர் கோப்பின் குற்றமாகக் கூறுவர். ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி, கதிமானி உண்மைக் கதியினும் குறைத்துக் காட்டலாகாது, கூட்டிக் காட்டலாம். 50 கிலோமீற்றர்க் கதியில் 9 கிலோமீற்றர் வரை கூட்டிக் காட்டுதற்கு அவ்விதி இடந்தருகின்றது. ஆதலின் கதிமானி 54 காட்ட, கோப்பு 50 எனக் கூறுதல் முரண்பாடன்று.

செலியாபின்ஸ்க் தந்த பாடம்

இடமும் காலமும் அறியப்படாத காட்சியின் வறுமையை 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் உலகுக்கு உணர்த்திற்று. அன்று காலை உள்ளூர் நேரம் 9.20 மணியளவில், ஏறக்குறைய 19 மீற்றர் குறுக்களவுடைய விண்கல்லொன்று செக்கனுக்கு 19 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துட் புகுந்து, செலியாபின்ஸ்க் நகருக்கு அண்மையில் வானில் வெடித்துச் சிதறியது. அதிர்ச்சி அலையால் உடைந்த கண்ணாடிகளாற் காயமுற்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்நாட்டு வண்டிகளில் டாஷ்கேம் பெருவழக்காயிருந்தமையால், முன்னெப்பொழுதும் இல்லாதவாறு அந்நிகழ்ச்சி பல கோணங்களிற் படமாயிற்று.

ஆயினும் அப்படங்களைக் கொண்டு விண்கல்லின் பாதையைக் கணிக்கப் புகுந்த ஆய்வாளர்கள், ஒவ்வொரு படமும் எவ்விடத்திலிருந்து, எத்திசை நோக்கி, எக்கணத்தில் எடுக்கப்பட்டது என்பதைத் தாமே துணியவேண்டியிருந்தது. கட்டடங்களையும் வீதிகளையும் செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டு இடம் கண்டனர். படமெடுத்த இடங்களுக்கே சென்று இரவில் விண்மீன்களைப் படம்பிடித்து, அவற்றின் நிலைகளைக் கொண்டு கோணங்களை அளந்தனர். கமராக்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தமையால், எல்லாப் படங்களிலும் தோன்றிய பேரொளியின் உச்சத்தையே பொதுக் கணமாகக் கொண்டனர். இத்துணை உழைப்பின் பயனாகக் கிடைத்த பாதை, அக்கல் ஞாயிற்றைச் சுற்றிவந்த ஒழுக்கை வெளிப்படுத்தியது. செபர்க்குல் ஏரியின் பனியைத் துளைத்து வீழ்ந்த பெருந்துண்டு அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியே எடுக்கப்பட்டது. ஒரு கோப்பினுட் செக்கனுக்குச் சில பைற்றாக எழுதப்படும் பதிவின் பெறுமதி என்ன என்பதை, அது இல்லாதவிடத்து அறிஞர் பட்ட பாடே அளந்து காட்டுகின்றது.

கோப்பைப் பேணும் முறை

இத்துணைப் பெறுமதியுடைய பதிவு மிக எளிதில் அழிவது. கமரா தன் நினைவட்டை நிரம்பியதும் பழைய கோப்பின்மேற் புதியதை எழுதுகின்றது; விபத்தின் பின்னரும் கமராவை ஓடவிடின், வேண்டிய கோப்பு மறையக்கூடும். படத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் செயலிகள், பிறீ பெட்டிகளை வெற்றிடம் என நம்பி வீசிவிடுகின்றன. பெட்டிகள் எஞ்சினும், கோப்பு மறுபடி அடுக்கப்பட்டமையால் இடங்களின் அட்டவணை பழைய இடங்களையே சுட்டி நிற்கும். கைத்தொலைபேசிச் செய்திச் செயலிகளின் வழியே அனுப்பப்படும் வீடியோ பெரும்பாலும் புதிதாகச் சுருக்கி எழுதப்படுவதால், அதில் இப்பதிவு எஞ்சுவதரிது. படம் முன்போலவே ஓடுவதால் இழப்பு எவருக்கும் புலப்படுவதில்லை.

ஆதலின் நினைவட்டையைக் கழற்றி, கோப்பை எவ்வித மாற்றமுமின்றிப் படியெடுத்து, ஷா-256 போன்ற முறையால் அதன் அடையாள எண்ணைக் கணித்துக் குறித்துவைத்தல் முதற்கடமை. கோப்பில் ஒரு பிற்று மாறினும் அவ்வெண் மாறிவிடும். ஆராய்ச்சி யாவும் படியிலேயே நிகழவேண்டும், மூலம் தீண்டப்படலாகாது. இப்பதிவு உரியவனுக்கே எதிராகவும் பேசவல்லது என்பதையும் மறத்தல் கூடாது. பொழுதுபோக்காகப் பிறருக்கு வழங்கிய வீடியோவின் மூலக்கோப்பு, வழங்கியவனின் வீட்டு வாயிலையும் அவன் புறப்படும் நேரத்தையும் அறிவார்க்கு அறிவித்துவிடும். பிறருக்கு வழங்குமிடத்து, பதிவு நீக்கப்பட்ட படியை வழங்குதலே தக்கது.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. டாஷ்கேம் காட்டும் படம் காட்சி. அதனுள் உறையும் எண் உரை. கம்பங்களை அளந்து சட்டகங்களை எண்ணித் துணிவது கருதல். படத்தை மட்டும் நம்பியவன் கதியை அறியான். எண்ணை மட்டும் நம்பியவன் நொட்டைக் கிலோமீற்றர் எனக் கொண்டு ஏமாறக்கூடும். மூன்றும் ஒத்து நிற்குமிடத்தே உண்மை துலங்குகின்றது. ஒருவனுடைய குற்றமும் குற்றமின்மையும் சில பைற்றுக்களின் வரிசையிலே தங்கியிருக்கும் இக்காலத்தில், அவற்றைப் படிக்கப் புகுவோர் அவ்வரிசையை மட்டுமன்றி அதன் அலகையும், கடிகாரத்தையும், எல்லையையும் அறிந்தபின்னரே தீர்ப்புக் கூறத் தகுதியுடையோராவர்.